ஜூலையில் பனி

ஹால்வார் அனுப்பிய முதல் படத்தில்
கோட்டுத் தோளெல்லாம் பனி.
ஜூலை பதினான்கு, பெர்கன் துறைமுகம்,
குளிர் தாங்கவில்லை என்று கீழே எழுதியிருந்தான்.
ஜன்னலைப் பார்த்தேன்.
புந்தா அரேனாஸிலும் பனிதான்.
மகெல்லன் நீரிணை ஈயத் தகடாகக் கிடந்தது.
பாவம், அங்கேயுமா என்று
ஒரு இதயத்தைத் தட்டிவிட்டேன்.

பூமிக்கு இரண்டு பாதி உண்டென்பதை
மறக்கிற ஆளில்லை நான்.
மருந்துக்கடைக்காரி.
காலாவதித் தேதி பார்த்தே கண் மங்கியவள்.
போலி மருந்துச் சீட்டைத் தூரத்திலேயே பிடிப்பேன்:
எந்த டாக்டரும் அவ்வளவு தெளிவாக எழுதுவதில்லை.

ஹால்வார் தெளிவாக எழுதினான்.
எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளன்.
மனைவி இல்லை, மகள் ஒன்று, நாய் ஒன்று.
ஷட்டரை இறக்கும் நேரத்துக்குச் சரியாகக் கேட்பான்:
ஒன்சே ஆயிற்றா?
மாலைத் தேநீர், ரொட்டி, மசித்த அவகாடோ,
எல்லாம் சேர்த்து நாங்கள் வைத்த பேர் அது.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
ஒருமுறை சொன்னதை மறக்காத ஆணை
அதுவரை நான் கண்டதில்லை.
அது ஒன்று போதாதா சந்தேகப்பட, என்றாள்
கல்லாவில் இருக்கும் மாக்கரேனா.

கைபேசியைப் பிடுங்கினாள்.
மே மாதம் திறந்த கணக்கு.
பத்து வருடப் படங்களும் ஒரே மதியத்தில் ஏறியிருந்தன.
நண்பர்கள் நாற்பத்தொரு பேர்,
அத்தனையும் பெண்கள்,
அத்தனையும் என் வயது.
பள்ளி ஆண்டுவிழாப் படம்போல
வரிசையாக நின்று சிரித்தோம்.

முகத்தை மட்டும் வெட்டித் தேடலில் போட்டாள்.
துருக்கியில் அவன் இதய மருத்துவர்.
மால்ட்டாவில் கப்பல் கேப்டன்.
கனடாவில் மனைவியை இழந்த பாதிரி.
எல்லா ஊரிலும் அதே கோட்டு,
தோளில் அதே பனி, உருகாமல்.

தோண்டத் தோண்ட
அடியில் ஒரு பிளம்பர் கிடைத்தார்.
யூர்கன், எஸ்டோனியாவில் பார்னு என்கிற ஊர்.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி.
படத்தின் கீழே அவர் எழுதியிருந்தது:
சர்ச்சுத் தெருவில் குழாய் வெடித்தது, இரவெல்லாம் வேலை.

அவருக்கு எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
மூன்று நாள் கழித்துப் பதில்:
நான் அவனில்லை. மன்னிக்கவும்.
நீங்கள் பத்தொன்பதாவது ஆள்,
என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள்.
கூடவே ஒரு படம்.
முன்மண்டை வழுக்கை, தாடை தொங்கியிருந்தது,
சாட்சிக்கு நிறுத்தியவர்போல
ஒரு கையில் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அன்றிரவு என் பக்கத்தை நானே திறந்து பார்த்தேன்.
முகப்புப் படத்துக்கு வயது எட்டு.
இடது தோளில், வெட்டியும் போகாமல்,
யாருடையவோ மூன்று விரல்கள்.

பணம் கேட்பான், செவ்வாய்க்குள், என்றாள் மாக்கரேனா.
வியாழன்தான் கேட்டான்.
மகளுக்கு ஆபரேஷன்.
தொகைகூடப் பெரிதில்லை,
என்னை அளந்துதான் வைத்திருந்தான்.

திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன்.
விரல் தட்டியது வேறு:
பெர்கனில் ஜூலையில் பனி பெய்யாது.

மூன்று புள்ளிகள் எழும்பின.
அணைந்தன.
மறுபடி எழும்பின.
கடைவாசலில் காற்று
மருந்துப் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது.
முதல்முறையாக எழுத்துப்பிழையோடு:
எனக்குத் தெரியாது.
நான் பணியைப் பார்த்ததே இல்லை.

விடிந்தபோது கணக்கு இருக்காது என்று தெரியும்.
கடை திறக்கும்முன் வெளியே போய்
படிக்கட்டில் கணுக்கால் உயரம் கிடந்ததை,
அதில் யாரோ நாய் நடந்துபோன தடத்தோடு,
ஒரு படம் எடுத்தேன்.

அனுப்பவில்லை என்றுதான்
மாக்கரேனாவிடம் சொல்லியிருக்கிறேன்.